38 வெள்ளிக்குப் போய் 2,880 வெள்ளி கட்டிவிட்டு வந்தேன்

தீபாவளிக்கு அம்மாவையும் அப்பாவையும் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு வரவழைக்க ஒன்பது மாதமாக ஒதுக்கிய பணம் அது. தேக்காவில், சிராங்கூன் ரோட்டில் உள்ள ஏஜென்டிடம் டிக்கெட் போடத்தான் கிளம்பினேன். வழியில், எம்ஆர்டி ரயில் நிலையத்தை ஒட்டிய கடைத்தொகுதியில் ஒரு முடி சிகிச்சை நிலையம். வாசலில் '38 வெள்ளி டிரையல்' என்று பேனர் (வெள்ளி என்றால் இங்கே டாலர்). முன்நெற்றி ஏறிக்கொண்டே போகிறவன் கண்ணில் அது படாமல் இருக்குமா? அரை மணி நேரம்தானே என்று உள்ளே போய்விட்டேன்.

பேனா மாதிரி ஒரு கேமராவை உச்சந்தலையில் வைத்துத் திரையில் காட்டினார்கள். ஒவ்வொரு முடியும் பனங்கிழங்கு மாதிரி இருந்தது, சுற்றிலும் மஞ்சள் செதில். "இப்படியே விட்டா ஆறு மாசத்துல வேர் மூடிடும் அண்ணே" என்றது அந்தப் பெண். நம் தமிழ்ப் பெண்தான். அந்த 'அண்ணே'விலேயே பாதி விழுந்துவிட்டேன். தலையில் பசையைத் தடவி, பிளாஸ்டிக் தொப்பியை மாட்டி, எழுந்து போக முடியாதபடி உட்கார வைத்த பிறகுதான் விலைப் பேச்சே ஆரம்பித்தது. 12 முறைக்கு 2,880 வெள்ளி. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "இன்னிக்கு மட்டும்தான் இந்த விலை." அப்புறம் மேனேஜர் வந்தார். ஒன்றரை மணி நேரம். நெட்ஸ் கார்டை, அதாவது வங்கி அட்டையை, கொடுத்தபோது அது டிக்கெட் பணம் என்ற நினைப்பே வரவில்லை, சத்தியமாக. தேக்காவுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏஜென்ட் கடையைப் பூட்டியிருந்தார்.

மூன்றாவது தடவை போனதும், என் தலைக்கு இது பத்தாது, இன்னொரு 1,600 கட்டுங்கள் என்றார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டேன். கையெழுத்துப் போட்டாயிற்றே என்று காகிதத்தைக் காட்டினார்கள்.

ஐந்து நாளுக்குள் ரத்து செய்திருக்கலாமே என்றான் நண்பன். சட்டத்தில் உள்ள அந்த அவகாசம் வீடு தேடி வந்து விற்பவர்கள், டைம்ஷேர் (விடுமுறை விடுதியில் பங்கு) போன்றவற்றுக்குத்தான். நாமாகக் கடைக்குள் நடந்து போனால் கிடையாது. பயனீட்டாளர் சங்கம் தரும் கேஸ்டிரஸ்ட் அங்கீகாரம் உள்ள ஸ்பா, அழகு நிலையம் என்றால் பயன்படுத்தாத பேக்கேஜை ரத்து செய்ய 5 நாள் தருவார்கள். இங்கே அந்த ஸ்டிக்கர் இல்லை. நான் பார்க்கவும் இல்லை.

கைகொடுத்தது ஒரு போட்டோ. இரண்டு மாதம் கழித்தும் கவுன்டரில் அதே 'இன்று மட்டும்' விலை அட்டை! அப்படிச் சொல்லி நீட்டிக்கொண்டே போவதும், நெருக்கி வாங்க வைப்பதும் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் 10 வெள்ளி கட்டி மனுப் போட்டேன். வக்கீல் வைக்கத் தேவையில்லை, வைக்கவும் முடியாது. 20,000 வெள்ளி வரை கோரலாம், இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். சமரசப் பேச்சில் 1,700 வெள்ளி திரும்பி வந்தது.

அதற்குள் டிக்கெட் விலை ஏறிவிட்டது. சீட் கிடைக்கவில்லை என்றுதான் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.