ரஷ்யரின் 'பாய்கோத்' நம்மூர் 'பாய்காட்' அல்ல: முல்தித்ரான் அகராதி எவ்வளவு உதவும்?

ரஷ்யத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பவர்கள் பயன்படுத்தும் முல்தித்ரான் இணைய அகராதி இலவசம். ரஷ்யச் சொல்லைத் தட்டினால் சட்டம், பேச்சுவழக்கு என்று துறைவாரியாக ஆங்கிலச் சொற்களைக் கொட்டும். பயனர்களும் சொற்களைச் சேர்ப்பதால் குவியல் பெரிது, தரம் ஒரே சீராக இராது. எந்திரம், ஒப்பந்தம் என்றால் நன்றாகவே கைகொடுக்கும். ஆளை ஒதுக்கிவைக்கும் சொற்களில்தான் தடுமாற்றம்.

'பாய்கோத்' என்பதையே பாருங்கள். 1880இல் அயர்லாந்தில் குத்தகைக்காரர்கள் ஒதுக்கிவைத்த கேப்டன் பாய்காட்டின் பெயர்தான் இரண்டு மொழியிலும். ஆனால் ரஷ்யப் பள்ளியில் ஒரு பெண்ணுக்கு 'பாய்கோத்' அறிவித்தார்கள் என்றால், வகுப்பே அவளோடு பேச்சை நிறுத்திவிட்டது என்று பொருள். நம் பிள்ளைகள் 'காய்' விடுவதுபோல, ஆனால் கூட்டாக. இதை 'கிளாஸ் பாய்காட்' என்று எழுதிக் கொடுத்தால் தென்னாப்பிரிக்காவின் டர்பன் வாசகருக்கு 1980இல் மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்ததுதான் நினைவுக்கு வரும். இந்த நாட்டில் 'பாய்காட்' என்றாலே 1957இன் அலெக்சாண்ட்ரா பஸ் புறக்கணிப்பு, 1959இன் உருளைக்கிழங்குப் புறக்கணிப்பு. 'சென்ட் டு கவென்ட்ரி' என்ற பழைய பிரிட்டிஷ் வழக்கு பொருளில் கச்சிதம், இளசுகளுக்குத்தான் புரியாது. 'ஸ்டாப்ட் ஸ்பீக்கிங் டு ஹெர்' என்று விரித்துவிடுங்கள்.

'அப்யவீத் பாய்கோத்' (அறிவித்தல்) என்ற தொடரில் நான்காம் வேற்றுமையில், அதாவது நம் 'கு' உருபின் இடத்தில், நிற்பது எது என்று பாருங்கள். தனி ஆள் என்றால் பெரும்பாலும் பேச்சுவிலக்கு. சரக்கு, நிறுவனம் என்றால் பாய்காட். முல்தித்ரான் இதையெல்லாம் நமக்காகப் பார்த்துச் சொல்லாது. ரஷ்ய மொழியின் தேசியத் தொகுப்பகத்தில் (அசல் ரஷ்ய எழுத்துகளில் சொல் தேடிப் பார்க்கும் இணையத் தொகுப்பு) அதே தொடரைத் தேடி ஐந்தாறு வாக்கியம் படித்தால் தெளிந்துவிடும்.

'த்ராவ்ல்யா' (ஒருவரைக் கூட்டமாகத் துரத்தித் துன்புறுத்துவது) வேட்டைநாயை ஏவி விரட்டுவதிலிருந்து வந்தது. பள்ளியில் நடந்தால் 'புல்லியிங்' சரி. 1958இல் நோபல் பரிசுக்குப் பின் ரஷ்ய எழுத்தாளர் பாஸ்தெர்நாக்கைப் பத்திரிகைகள் துரத்தியதற்கு அது பொருந்தாது. 'ஹவுண்டிங்' என்றால் நாயும் உள்ளே இருக்கிறது.

'இஸ்கோய்' என்பவர் சமூகத்துக்கு வெளியே தள்ளப்பட்டவர். 'பரையா' என்று போடக் கை போகும். அது பறையர் என்ற நம் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய் வசையானது. தமிழர் படிக்கும் பிரதியில் 'அவுட்காஸ்ட்' போதும். அரசுகளைச் சொல்லும்போது 'கொசுதார்ஸ்த்வோ-இஸ்கோய்' என்பது 'ரோக் ஸ்டேட்'.

'நிருக்கபஜாத்னி', கைகுலுக்கத் தகாதவர் என்ற நக்கல், ஒற்றைச் சொல்லுக்குள் அடங்காது. வாக்கியமாகவே எழுதுங்கள்.

முல்தித்ரானுக்கு ஐந்துக்கு மூன்றரை.