சிந்துவெளி புராஜெக்ட்: போனா, கன்னிமராவா, தெருமுனை நூலகமா?

தண்டையார்பேட்டையில் சாயங்காலம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். போன வருடம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேருக்குச் சிந்துவெளி நாகரிகம் பற்றிப் புராஜெக்ட் வந்தது. கடையில் விற்கும் படங்களை வாங்கி சார்ட்டில் ஒட்டியிருந்தால் ஒரு மணி நேர வேலை. ஆனால் மொகஞ்சதாரோ வடிகால் படத்தைப் பார்த்ததும் ஒருவன் கேட்டான்: "அக்கா, அங்க மய பேஞ்சா தெருல தண்ணி நிக்காதா?" டிசம்பர் மழையில் புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்த பிள்ளை. அவனுக்குத்தான் அந்தக் கேள்வி வரும். அதற்குப் பதில் தேடி மூன்று வழிகளிலும் போய்ப் பார்த்துவிட்டோம்.

முதலில் போன். வசதியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. படங்களுக்கு இன்றும் அதுதான். கராச்சியில் இருக்கும் 'பூசாரி மன்னன்' சிலையையும், டில்லியில் இருக்கும் பத்தரை சென்டிமீட்டர் உயர நடன மங்கையையும் பெரிதாக்கிப் பார்க்க வேறு வழி நமக்கு ஏது? அரசுப் பாடநூல்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. சிக்கல் வீடியோக்களில்தான். 'சிந்து எழுத்தைப் படித்துவிட்டார்கள்' என்று ஒரு வீடியோ அடித்துச் சொன்னது. படித்துவிட்டார்கள் என்றால், அதைப் படித்துக் காட்டுபவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று 2025 ஜனவரியில் தமிழக முதல்வர் எதற்கு அறிவிக்க வேண்டும்? பிள்ளைகளிடம் இதைக் கேட்டதும் சிரித்துவிட்டார்கள். ஏஐ செயலியிடம் வடிகாலைப் பற்றிக் கேட்டோம். பதில் அழகாக வந்தது. மறுநாள் அதே கேள்விக்கு வேறு அளவுகள் வந்தன. ஒருத்தி முதல் நாள் பதிலை நோட்டில் எழுதியே முடித்திருந்தாள்.

அடுத்தது எழும்பூர் கன்னிமரா. மெட்ரோவில் ஏறி சென்ட்ரலில் மாறினால் எழும்பூர், அப்புறம் பாந்தியன் சாலை வரை கொஞ்சம் நடை. 1896இல் திறந்த நூலகம். அந்தக் கட்டடத்தைப் பார்த்தே பிள்ளைகள் வாயடைத்துப் போனார்கள். பக்கத்திலேயே அருங்காட்சியகம். நாங்கள் போனது வெள்ளிக்கிழமை, அன்று அதற்கு விடுமுறை. தப்பு என்னுடையதுதான். இன்னொரு நாள் போய் ஆதிச்சநல்லூர் தாழிகளைப் பார்த்து வந்தோம். சிந்துவெளிக்கு அது நேரடியாக உதவவில்லை, ஆனால் மண்ணைத் தோண்டி எடுத்தது என்றால் என்ன என்று கண்ணால் பார்த்தார்கள். நூலகத்திலோ நான்கு பேரும் அரை நாள் பரபரவென்று எழுதினார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதி புரியவில்லை. ஒரு வரியைச் சரிபார்க்க மறுபடி எழும்பூருக்கா போவது?

எனக்கு எல்லாம் அந்த 'மறுபடி'யில்தான் இருக்கிறது. பிள்ளைகளின் சந்தேகம் ஒரே நாளில் வருவதில்லை. ஒரு பதில் கிடைத்தால்தான் அடுத்த கேள்வி முளைக்கும். இரண்டாம் முறை போகும்போது அதே பக்கம் அதே இடத்தில் இருக்க வேண்டும்; போகிற வழியும் நடக்கிற தூரமாக இருக்க வேண்டும். நடந்து போகும் தூரத்தில் உள்ள கிளை நூலகத்தில் இரண்டும் இருந்தன. முதல் நாள், வடிகால்கள் செங்கல்லால் கட்டி, மேலே செங்கல்லோ கல்பலகையோ வைத்து மூடியவை என்று படித்தார்கள். "அடைச்சுக்கிட்டா?" என்று ஒருத்தி கேட்டாள். மறுநாள் போய் அதே புத்தகத்தை எடுத்தோம். இடையிடையே தொட்டி போலக் குழி வெட்டியிருந்தார்கள், கசடு அதில் படியும், மூடியை எடுத்து அள்ளலாம் என்று அடுத்த பக்கத்திலேயே இருந்தது. மூன்றாம் முறை, செங்கல்லின் உயரம், அகலம், நீளம் மூன்றும் 1:2:4 என்ற கணக்கில் இருக்கும் என்பது கண்ணில் பட்டது. உடனே ஒருவன் தெருவில் வீடு கட்டும் இடத்துக்கு ஸ்கேலோடு ஓடினான். அங்கே ஏறக்குறைய மூன்று, நாலு, ஒன்பது அங்குலம். "நம்ம கல்லு கணக்குக்கு வரல அக்கா" என்று வந்து நின்றான். அன்றைக்குத்தான் புராஜெக்ட் உண்மையில் ஆரம்பித்தது.

கிளை நூலகத்திலும் ஒரு பெரிய குறை உண்டு: பழைய புத்தகங்கள். ஆரியர் படையெடுத்து வந்து நகரத்தை அழித்தார்கள் என்று ஒன்றில் இருந்தது. மொகஞ்சதாரோவில் கிடைத்த எலும்புக்கூடுகளை வைத்து தொல்லியலாளர் மார்டிமர் வீலர் 1940களில் சொன்னது அது. அப்படியொரு படுகொலைக்கு ஆதாரம் இல்லை என்று 1964இலேயே இன்னொரு தொல்லியலாளர் ஜார்ஜ் டேல்ஸ் மறுத்துவிட்டார். அதனால் இப்போது எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதலில் பதிப்பு வருடத்தைப் பார்க்கச் சொல்கிறேன். வருடம் பழையது என்றால், அழிவு பற்றிய பகுதியை மட்டும் புதிய பாடநூலோடு ஒப்பிட வேண்டும். வடிகாலும் செங்கல்லும் எந்தப் பதிப்பிலும் பெரிதாக மாறுவதில்லை.

நான் பார்த்தது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேரை மட்டும். பிளஸ் டூவுக்கும் கல்லூரிக்கும் இது போதாது என்றே நினைக்கிறேன். எழுத்தைப் பற்றி ஆழமாகப் போக வேண்டும் என்றால் தரமணியில் ரோஜா முத்தையா நூலகத்தின் சிந்துவெளி ஆய்வு மையம் இருக்கிறது. சிந்து எழுத்து ஆய்வாளர் ஐராவதம் மகாதேவன் 1977இல் வெளியிட்ட குறியீட்டுத் தொகுப்பில் 417 குறியீடுகள். அங்கே நான் யாரையும் கூட்டிப் போனதில்லை. தண்டையார்பேட்டையிலிருந்து அது ஒரு நாள் பயணம்.

இந்த வருடப் பிள்ளைகளை முதலில் கிளை நூலகத்துக்குத்தான் அனுப்பப் போகிறேன், படத்துக்கு மட்டும் போன். கன்னிமராவுக்குக் கேள்வியைக் கையில் எழுதிக்கொண்டு ஒரே ஒரு முறை. போன வருடம் மழைத் தண்ணீர் கேட்ட பையன் தன் சார்ட்டின் அடியில் ஒரு வரி சேர்த்திருந்தான்: "குழியில் படிந்த கசடை அள்ளியது யார் என்று நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை." அவன் டீச்சர் அந்த வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார். தப்பு என்று போட்டாரா, நல்லது என்று போட்டாரா என்று அவன் இன்னும் போய்க் கேட்கவில்லை.