தாம்பரத்திலிருந்து பூந்தமல்லிக்கு: கூகுள் மேப்ஸை எவ்வளவு நம்பலாம்?

தாம்பரத்திலிருந்து பூந்தமல்லிக்கு எந்த வழியாகப் போனாலும் ஏறக்குறைய 25 கிலோமீட்டர்தான். சென்னை பைபாஸ், அவுட்டர் ரிங் ரோடு, பல்லாவரம்–குன்றத்தூர் ரோடு என்று மூன்று வழி உண்டு. தூரத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. விடிகாலையில் முக்கால் மணி நேரத்துக்குள் முடிகிற பயணம், மாலை ஆறரைக்குக் கிளம்பினால் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம்கூட இழுக்கும். ஆகவே 'எது குறுக்கு வழி' என்ற கேள்வி இங்கே எடுபடாது. எத்தனை மணிக்குக் கிளம்புவது, எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது என்பதைத்தான் பார்க்க வேண்டும். முதல் கேள்விக்கு கூகுள் மேப்ஸ் நன்றாகவே பதில் சொல்கிறது. சறுக்குவது மற்ற இரண்டிலும்தான். இந்தப் பயணத்தில் நேரம் கரைவதும் அந்த இரண்டு இடங்களில்தான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். பலர் கிளம்பும்போது செயலியைத் திறந்து, அது காட்டும் நிமிடத்தைப் பார்த்துவிட்டு வண்டியை எடுக்கிறார்கள். முந்தின நாள் ராத்திரியே பார்ப்பதுதான் சரி. வழியைப் போட்டதும் மேலே மூன்று புள்ளி தெரியும். அதைத் தொட்டால் புறப்படும் நேரத்தையோ சேர வேண்டிய நேரத்தையோ கொடுக்கலாம். கம்ப்யூட்டரில் பார்த்தால் இன்னும் வசதி. ஒற்றை எண்ணாக இல்லாமல், 'வழக்கமாக இத்தனை நிமிடத்திலிருந்து இத்தனை நிமிடம் வரை' என்று இரண்டு எண் காட்டும். சின்ன எண்ணை மறந்துவிடுங்கள். ஆஸ்பத்திரி, பரீட்சை, ரிஜிஸ்டர் ஆபீஸ் என்று நேரம் தவறக்கூடாத வேலை என்றால் பெரிய எண்ணை வைத்துக் கிளம்ப வேண்டும். அரை மணி நேரம் முன்பின் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். காலை 7.30க்கும் 8.30க்கும் நடுவே அந்தப் பெரிய எண் எப்படி எகிறுகிறது என்பது தெரிந்துவிடும். இந்த ஒரு வசதிக்காகவே செயலிக்குத் தாராளமாக மதிப்பெண் போடலாம்.

ஆனால் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இப்போதைய நெரிசலை, ரோட்டில் போகிறவர்களின் போன்கள் அனுப்பும் இருப்பிடத் தகவலை வைத்துக் கணக்கிடுகிறது. நாளைய நேரத்துக்குப் பழைய வாரங்களின் போக்கைத்தான் எடுக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை தெற்கே போகிற கூட்டம் தாம்பரம் வழியாகப் போகும் ஜி.எஸ்.டி. ரோட்டை (கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு) அடைக்கும் என்பது அதற்குத் தெரியும். வளர்பிறை முகூர்த்தம் தெரியாது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடி, வானகரம் பக்கம் கல்யாண மண்டபங்கள் வரிசையாக இருக்கின்றன. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலை, ரிசப்ஷனுக்கு வரும் கார்கள் மண்டப வாசலில் திரும்பக் காத்து நிற்கும். ஒரு லேன் அதோடு போச்சு. கிருத்திகையன்று குன்றத்தூர் முருகன் கோயில், செவ்வாய், வெள்ளி, ஞாயிறுகளில் மாங்காடு காமாட்சி அம்மன் கோயில் ஆகியவற்றுக்கும் கூட்டம் உண்டு. வாரக் கிழமை தொடர்பானதைச் செயலி ஓரளவு பிடித்துவிடும். திதி, நட்சத்திரம் தொடர்பானதைப் பிடிக்காது. சுவரில் தொங்குகிற தினசரி காலண்டரை ஒருமுறை பார்த்துவிட்டு, முகூர்த்தம் என்றால் செயலி சொன்னதோடு இருபது நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, இடத்தைக் கொடுப்பது. இங்கேதான் முதல் கோளாறு. 'தாம்பரம்' என்று மொட்டையாகப் போட்டால் வரைபடத்தின் இடக்குறி, அதாவது குத்து, எங்கேயோ விழும். ஊரை ரயில் பாதை இரண்டாகப் பிளந்திருக்கிறது. சேலையூர், கேம்ப் ரோடு என்று கிழக்குத் தாம்பரத்திலிருந்து கிளம்புகிறவர் மேம்பாலம் ஏறித்தான் மேற்கே வர வேண்டும். நெரிசல் நேரத்தில் அதற்கே கால் மணி நேரம் போய்விடும். பூந்தமல்லியிலும் இதே கதை. ஊருக்குள் போவது டிரங்க் ரோடு; ஊரைத் தொடாமல் ஒதுங்கிப் போவது பைபாஸ் ரோடு. போக வேண்டிய கடை டிரங்க் ரோட்டில் இருக்க, ஊர்ப் பெயரை மட்டும் கொடுத்தால் நெடுஞ்சாலையோரம் கொண்டுபோய் நிறுத்தவும் வாய்ப்பு உண்டு. பஸ் ஸ்டாண்டு, கோயில், ஆஸ்பத்திரி என்று ஏதாவது ஒரு கட்டடத்தின் பெயரைக் கொடுங்கள். அதுவும் இல்லையென்றால், வரைபடத்தைப் பெரிதாக்கி, வாசல் இருக்கும் தெருவின் மேலேயே விரலை அழுத்திப் பிடித்துக் குத்து வையுங்கள். கட்டடத்தின் முதுகில் வைத்தால் பின்தெருவுக்குக் கூட்டிப் போகும். ஊர் பூவிருந்தவல்லி என்றும் எழுதப்படும். இரண்டும் ஒரே ஊர்தான், பயப்பட வேண்டாம்.

இனி வழிகள். செயலி பெரும்பாலும் முதலில் காட்டுவது பைபாஸ். பெருங்களத்தூர் பக்கம் தொடங்கி மதுரவாயல் வழியாகப் புழல் பக்கம் போய் முடியும் 32 கிலோமீட்டர் சாலை இது. நமக்கு வேண்டியது அதில் பாதிக்கும் குறைவுதான். இரும்புலியூரில் ஏறி, போரூரில் இறங்கி, மவுண்ட்–பூந்தமல்லி ரோட்டில் ஐயப்பன்தாங்கல், காட்டுப்பாக்கம், குமணன்சாவடி தாண்டினால் பூந்தமல்லி. ஓட்டுவதற்குச் சுகமான வழி. ஆனால் ஏறும் இடமும் இறங்கும் இடமும்தான் சோதனை.

இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. ரோடு, அதன் சர்வீஸ் ரோடு, மேலே ஏறும் கிளை எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. போனின் ஜி.பி.எஸ். சில மீட்டர் தள்ளிக் காட்டுவது இயல்பு. அந்தச் சில மீட்டரில்தான் இந்தச் சாலைகள் பிரிகின்றன. நீங்கள் கீழே போய்க்கொண்டிருப்பீர்கள். நீலப் புள்ளி மேலே ஏறிவிட்டதாக நினைத்து நேராகப் போகச் சொல்லும். இந்தியாவில் 40 நகரங்களில் மேம்பாலம் வருகிறது என்று முன்கூட்டியே சொல்லும் வசதியை 2024இல் கொண்டுவந்தார்கள். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் பாலத்தில் ஏற வேண்டும் என்பதை முன்கூட்டிச் சொல்லுமே தவிர, ஏறவில்லை என்பதை உடனே கண்டுபிடிக்க அதனால் முடியாது. எனவே இந்த ஒரு இடத்தில் குரலை நம்பாமல் மேலே தொங்கும் பச்சைப் பலகையைப் பாருங்கள். கிளம்பும் முன்பே வரைபடத்தில் சாட்டிலைட் படத்தைப் போட்டு, எந்த இடத்தில் எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்பதை ஒருமுறை கண்ணால் ஓட்டிப் பார்த்துவிட்டால் போதும்.

போரூரில் இறங்குவதைத் தவறவிட்டால் அடுத்தது மதுரவாயல் சந்திப்புதான். நடுவே வானகரம் சுங்கச்சாவடி. பிறகு பூந்தமல்லி நெடுஞ்சாலையைப் பிடித்து மேற்கே திரும்பி வர வேண்டும். வழி கெட்டுவிடாது; சுங்கமும் சில கிலோமீட்டரும் கூடும். சில நாட்களில் போரூர் பக்கம் சிவப்பாக இருந்தால் செயலியே இந்த மதுரவாயல் சுற்றைத்தான் முதலில் சொல்லும். அப்போது திரையில் சுங்கம் உண்டா என்று பாருங்கள். 2022 முதல் கட்டணத்தை ரூபாயிலேயே காட்டுகிறது. மூன்று நிமிடம் மிச்சம் என்பதற்காகச் சுங்கம் கட்ட வேண்டுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். வேகமான வழியைத் தேடும்போது செயலி உங்கள் பாக்கெட்டைப் பார்ப்பதில்லை. வழித் தேர்வில் 'சுங்கச் சாலையைத் தவிர்' என்று போட்டால் சுங்க வழியைக் காட்டுவது நிற்கும். ஆனால் அந்தக் குறி அடுத்த பயணத்துக்கும் அப்படியே இருந்துவிடலாம். அடுத்த வாரம் வேலூருக்குக் கிளம்பும்போது ஏன் ஊருக்குள் சுற்றவைக்கிறது என்று முழிக்கக்கூடாது.

போரூர்–பூந்தமல்லி ரோட்டின் நடுவே மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் நான்காம் தடத்துத் தூண்கள் நிற்கின்றன. இப்படிக் கட்டுமானம் நடக்கும் ரோட்டில் யு டர்ன் இருக்கும் இடம் அடிக்கடி மாறும். தடுப்பை நகர்த்துகிறவர்கள் கூகுளிடம் சொல்லிவிட்டு நகர்த்துவதில்லை. கடை ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருந்து, '50 மீட்டரில் யு டர்ன் எடுக்கவும்' என்று குரல் சொல்லும் இடத்தில் சிமெண்ட் தடுப்பு இருந்தால் பதறி பிரேக் போடாதீர்கள். பின்னால் மாநகர பஸ் வரும். நேராகப் போங்கள், அடுத்த திறப்பில் திரும்பிக்கொள்ளலாம்.

அவுட்டர் ரிங் ரோட்டைச் செயலி பல நேரம் இரண்டாவதாகத்தான் காட்டும். நெரிசல் நேரத்தில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது எங்கள் கட்சி. வண்டலூர்–மீஞ்சூர் இடையே 62 கிலோமீட்டர், ஆறு வழி; நமக்கு முடிச்சூரிலிருந்து நசரத்பேட்டை வரை போதும். நசரத்பேட்டையில் பெங்களூர் நெடுஞ்சாலையில் இறங்கி, கிழக்கே கொஞ்ச தூரம் வந்தால் பூந்தமல்லி. நிமிடக் கணக்கில் பைபாஸைவிட இரண்டு, மூன்று கூடக் காட்டினாலும், அந்தக் கணக்கு அதிகம் மாறாது என்பதுதான் இதன் பலம். பைபாஸின் எண் கிளம்பும்போது 50 என்று இருந்து போரூரில் 70 ஆகும். ரிங் ரோட்டின் 53 பெரும்பாலும் 55இலேயே முடியும். வரதராஜபுரத்தில் சுங்கச்சாவடி உண்டு. கவனிக்க வேண்டியது ஒன்று: தேசிய நெடுஞ்சாலைகளுக்கென 2025 ஆகஸ்டில் வந்த பாஸ்டேக் ஆண்டு பாஸ் வானகரத்துக்கு உதவும். ரிங் ரோடு மாநில அரசின் சாலை என்பதால் இங்கே உதவாது, டேகில் தனியாகப் பணம் இருக்க வேண்டும்.

ரிங் ரோட்டின் சிக்கல், அதை அடையும் முடிச்சூர் ரோடுதான். மேற்குத் தாம்பரத்திலிருந்து ஆறேழு கிலோமீட்டர் குறுகலான கடைத்தெரு. பள்ளி திறக்கும், விடும் நேரங்களில் வேன்கள் நின்றால் மொத்தமும் நிற்கும். மழைக்காலத்தில் இன்னும் மோசம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்று நீர் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது நினைவிருக்கும். கனமழையில் இந்தப் பக்கம் தண்ணீர் தேங்கினால் செயலி அந்த ரோட்டைப் பச்சையாகக் காட்டக்கூடும். காரணம் எளிது: வண்டியே போகாத ரோட்டில் மெதுவாகப் போகும் போனும் இருக்காது. மழை நாளில் காலி ரோடு காட்டினால் சந்தேகப்படுங்கள். செம்பரம்பாக்கம் ஏரியில் உபரி நீர் திறந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தால் குன்றத்தூர்ப் பக்கமும் வேண்டாம். பைபாஸ்தான் உயரத்தில் இருக்கிறது. இரவில் ரிங் ரோட்டில் ஓரமாக நிற்கும் சரக்கு லாரிகளைப் பார்த்து, இடது ஓரத்தை ஒட்டாமல் ஓட்ட வேண்டும்.

மூன்றாவது வழி, குரோம்பேட்டை தாண்டிப் பல்லாவரத்தில் திரும்பி பம்மல், அனகாபுத்தூர், குன்றத்தூர், மாங்காடு. காருக்குப் பரிந்துரைக்க மாட்டோம். பம்மல் கடைத்தெருவில் எதிரே பஸ் வந்தால் கண்ணாடியை மடக்க வேண்டிவரும். பைக் என்றால் வேறு கணக்கு. செயலியில் டூவீலர் சின்னத்தைத் தொட்டுப் பாருங்கள். 2017 இறுதியில் இந்தியாவுக்கென்றே வந்தது, கார் நுழைய முடியாத தெருக்களையும் சேர்த்துக் கணக்கிடும். கார் ஓட்டுகிறவர் தெரியாமல் அந்தச் சின்னத்தில் விட்டுவிட்டால் சந்துக்குள் மாட்டிக்கொள்வார். குறுகலான தெருக்களைக் காருக்குத் தவிர்க்கும் வசதி 2024இல் சென்னைக்கும் வந்திருக்கிறது, ஆனால் அது கார் சின்னத்தில் இருந்தால்தானே வேலை செய்யும்.

வழியைப் பூட்டி வைக்க ஒரு உபாயம் உண்டு. ரிங் ரோட்டில்தான் போவது என்று முடிவு செய்தால், நடுவே ரிங் ரோட்டின் மேலேயே ஒரு நிறுத்தத்தைச் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் இரண்டு நிமிடம் மிச்சம் என்று சொல்லிப் பாதியில் வேறு பக்கம் இழுக்கும். அந்தக் குத்தை நீங்கள் போகும் திசையின் பாதையில்தான் வைக்க வேண்டும். எதிர்ப்பாதையில் விழுந்தால், நடுவில் தடுப்புள்ள ரோட்டில் பல கிலோமீட்டர் போய்த் திரும்பச் சொல்லும். சர்வீஸ் ரோட்டில் விழுந்தாலும் கீழே இறக்கிவிடும். வரைபடத்தை முழுக்கப் பெரிதாக்கி வைத்தால் இந்தத் தவறு வராது.

ஆஃப்லைன் வரைபடத்தை இறக்கி வைத்திருந்தால் சிக்னல் போனாலும் வழி சொல்லும். நெரிசலும் மாற்று வழியும் காட்டாது. இந்தப் பயணத்துக்கு அது பெரிதாகத் தேவைப்படாது. சந்திப்புகளில் தடுமாறுகிறவர்கள் மேப்மைஇந்தியாவின் மேப்பிள்ஸ் செயலியையும் போனில் வைத்துக்கொள்ளலாம். பெரிய சந்திப்புகளைப் படமாகவே வரைந்து, எந்தக் கிளையில் ஏற வேண்டும் என்று அம்புக்குறி போட்டுக் காட்டுகிறது. நெரிசல் கணக்கில் கூகுள் மேல். இரும்புலியூர் மாதிரி இடத்தில் அந்தப் படம் மேல்.

மதிப்பெண் என்றால் நேரக் கணக்குக்கு ஐந்துக்கு நாலரை, ஏறி இறங்கும் இடங்களுக்கு இரண்டரை.

திரும்பி வருவதற்குத் தனியாகப் பாருங்கள். போன வழியே நல்ல வழியாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. 2023 இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு, வெள்ளி இரவும் பண்டிகைக்கு முந்தின நாளும் பைபாஸில் தெற்கே வரும் பக்கம் பஸ்களால் நிரம்புகிறது, பெருங்களத்தூரை ஒட்டி வால் நீளும். அன்றைக்கு நசரத்பேட்டையில் ரிங் ரோடு ஏறி முடிச்சூர் வழியாகத் தாம்பரம் வருவது மேல். இரவு ஒன்பதரைக்குமேல் முடிச்சூர் ரோட்டில் கடைகள் சாத்தத் தொடங்கியிருக்கும்.