கொரோலா 110 இன்ஜெக்சன்: திருகோணமலைக் கடற்காற்றில் பல வருட ஓட்டத்துக்குப் பிறகு

2020 இல் வாகன இறக்குமதி நின்று 2025 இல் திரும்பத் திறக்கும்வரை, கையில் இருந்த காரைக் காப்பாற்றித்தான் எல்லோரும் ஓடினார்கள். திருகோணமலையில் அப்படித் தப்பி இன்றைக்கும் ஓடுபவற்றில் கொரோலா 110 நிறைய. அதில் வரும் 5ஏ-எஃப்இ எஞ்சின் 1498 சிசி. ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ரிபியூட்டர் உள்ளது. உள்ளே போகும் காற்றை மெப் சென்சரால், அதாவது மெனிபோல்டின் அமுக்கத்தை அளக்கும் சென்சரால் கணக்கிட்டுப் பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்சன்.

நீண்ட நாள் ஓட்டத்தில் உறுதியானது ஒன்று: இந்த எஞ்சின்களைக் கெடுப்பது வயதை விடத் திருகாணிதான். பழைய காபரேட்டர் பழக்கத்தில் “ஸ்லோ கூட்டுறது, குறைக்கிறது” என்று, அக்சிலரேற்றர் மிதிக்காதபோது ஓடும் வேகத்தில் (ஐடில்) கை வைக்கிறார்கள். இதில் பெற்றோலின் அளவைக் கொம்பியூட்டர் தீர்மானிக்கிறது. கை வைத்துத் திருப்பக்கூடியவை டிஸ்ரிபியூட்டரும் த்ரொட்டில் சென்சரும், சில மொடல்களில் ஐடில் ஸ்குரூவும் மட்டுமே. காற்று வழியைத் திறந்து மூடும் பட்டர்பிளைத் தகட்டைத் தாங்கி நிற்கும் ஸ்டொப் ஸ்குரூ ஃபெக்டரியில் வைத்துப் பூட்டியது. அதைத் தொடவே கூடாது. திருப்பக்கூடிய அந்த மூன்றையும்கூட மற்றதெல்லாம் சரி என்று கண்ட பிறகுதான் தொட வேண்டும்.

பெற்றோல் கூடக் குடிக்கிறது என்று வரும் காரில் முதலில் பார்க்க வேண்டியது தெர்மோஸ்டற், அதாவது எஞ்சின் சூடானதும் ரேடியேற்றருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு. வெயில் ஊருக்கு இது எதற்கு என்று கழற்றிவிட்டு ஹவுசிங்கை வெறுமையாகப் பூட்டிய கார்கள் இங்கே ஏராளம். அந்த வால்வு திறப்பது 80 முதல் 84 பாகையில். அது இல்லாவிட்டால், கந்தளாய்ப் பக்கம் போகும் நேர் வீதியில் 70, 80 வேகத்தில் காற்றடிக்க எஞ்சின் அந்தச் சூட்டுக்கு ஏறாது. கொம்பியூட்டரோ எஞ்சின் இன்னும் குளிராகவே இருக்கிறது என்று எண்ணிப் பெற்றோலைக் கூட்டிக் கொடுத்தபடி இருக்கும். இன்ஜெக்டரைக் கழற்றி எத்தனை தரம் கழுவினாலும் இது மாறாது. சூடு ஏறுகிறதென்றால் ரேடியேற்றரையும் விசிறியையும் பாருங்கள். புதுத் தெர்மோஸ்டற் போட்டுக் கூலன்றும் ஊற்றுங்கள். வெறும் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் அலுமினிய ஹெட் உள்ளே அரிக்கும்.

அதே சூட்டைக் கொம்பியூட்டருக்குச் சொல்வது தண்ணிச் சென்சர். அதன் வயர் பிளக்கைக் கழற்றிச் சென்சரில் மீற்றர் வைத்தால் 20 பாகையில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 பாகையில் 0.2 முதல் 0.4 கிலோ ஓம் காட்ட வேண்டும். சென்சர் சரியாகவே இருக்கும், பிளக்தான் பிழைத்திருக்கும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்கரை ஓரம் நிற்கும் கார்களில் இது அடிக்கடி. பிளக்கின் வாய்க்குள் ரோர்ச் அடித்துப் பாருங்கள்: பித்தளைப் பின்னின் அடியில் பாசி மாதிரிப் பச்சைப் பொடி படிந்திருக்கும். வயரை மெல்ல இழுத்தால், ரப்பர் மூடிக்குள் செம்பு இழைகள் கறுத்து இரண்டு மூன்றுதான் மிச்சமாக நிற்கும். அந்தப் பச்சை கூட்டும் தடையைக் கொம்பியூட்டர் குளிர் என்று வாசிக்கிறது. ஐடில் ஏறும், ஸ்பார்க் பிளக் கறுக்கும், சைலன்சர் வாயில் கரி படியும். கொண்டக்ட் கிளீனர் அடித்து, சின்ன பிரஷ்ஷால் தேய்த்து, காயவிட்டு, பின்னில் மெல்லிய பூச்சாக டைஎலெக்ட்ரிக் கிரீஸ் வையுங்கள். அள்ளி அப்ப வேண்டாம். இழை அற்றிருந்தால் கறுத்த பகுதி முடியும்வரை வெட்டிப் புது வயர் ஈயம் வைத்து ஒட்ட வேண்டும், முறுக்கி ரேப் சுற்றினால் அடுத்த மாரிக்குத் தாங்காது.

ஏர்த்தும் இதே கதை. பற்றரியின் நெகட்டிவுக்கும், எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் இன்ரேக் மெனிபோல்டுக்கும் இடையில், எஞ்சின் ஓட, ஹெட்லைட் எரிய, மீற்றரை வோல்ட்டில் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஏர்த் வயர்களின் அடியைக் கழற்றி உரஞ்சிப் பூட்ட வேண்டும். ஏர்த் மோசமென்றால் எல்லாச் சென்சரின் கணக்கும் கொஞ்சம் கொஞ்சம் விலகும், எது பிழை என்று பிடிபடாது.

அடுத்தது காற்றுக் கசிவு. பலர் தடுமாறுவது இங்கேதான். காற்றை நேரடியாக அளக்கும் எஞ்சினில் கசிவு இருந்தால் கலவை ஐதாகி எஞ்சின் தடுமாறும். மெப் எஞ்சினில் அப்படியில்லை. கசிவால் மெனிபோல்டின் வெற்றிடம் குறைகிறது, கொம்பியூட்டர் அதைப் பாரம் என்று வாசித்துப் பெற்றோலைக் கூட்டுகிறது, ஐடில் மேலே போகிறது. ஒரு அளவுக்கு மேல் போனால், பட்டர்பிளை மூடியிருக்க வேகம் ஏன் கூடியது என்று பெற்றோலை வெட்டுகிறது, விழுந்ததும் திரும்பக் கொடுக்கிறது. ஊம், ஊம் என்று ஏறி இறங்கும் அந்தச் சத்தத்துக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். உடனே ஸ்குரூவைத் திருகிச் சத்தத்தை அடக்குவார்கள். ஏசி போட்டதும் எஞ்சின் நின்றுவிடும். கசிவு இருந்த இடத்திலேயே இருக்கும்.

தேட வேண்டிய இடங்கள்: எஞ்சினுக்குள் சேரும் ஆவியை மெனிபோல்டுக்குக் கொண்டுபோகும் பிசிவி ஹோஸ், பிரேக் பூஸ்டர் ஹோஸ், மெனிபோல்ட் கஸ்கற், இன்ஜெக்டரின் கீழே உள்ள ரப்பர் வளையம், மெப் சென்சருக்குப் போகும் மெல்லிய ஹோஸ். கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். அது வெடித்தால் அல்லது கழன்றால் சென்சர் வெளிக்காற்றின் அமுக்கத்தைக் காட்டும், கரும்புகை அடிக்கும், ஸ்பார்க் பிளக் நனையும். எஞ்சின் நிற்க, திறப்பு ஓனில் இருக்க, சென்சரின் அளவைக் கொம்பியூட்டருக்குச் சொல்லும் பிஐஎம் வயரில் 3.3 முதல் 3.9 வோல்ட் வர வேண்டும். திருகோணமலை கடல் மட்டம் என்பதால் இந்தக் கணக்கு இங்கே அப்படியே பொருந்தும். ஸ்ராட் பண்ணியதும் அது நன்றாக இறங்க வேண்டும். இறங்காவிட்டால் ஹோஸைப் பாருங்கள், அதன் பிறகுதான் சென்சர். கசிவு பிடிக்கக் காப் (காபரேட்டர்) கிளீனரைச் சூடான சைலன்சர் மெனிபோல்டுக்கு மேல் அடிக்காதீர்கள், தீ பிடிக்கும். ஹோஸ்களை ஒவ்வொன்றாகப் பிளையரால் மெல்ல நெரித்து எஞ்சின் சத்தம் மாறுகிறதா என்று கேட்பதே போதும்.

த்ரொட்டில் பொடியைக் கழற்றித் துடைப்பது லேசான வேலை. பட்டர்பிளையின் பின்பக்கம் படிந்த தாரைத் துணியில் கிளீனர் நனைத்துத் துடையுங்கள், கூரான எதனாலும் சுரண்ட வேண்டாம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் எயார் பில்டர் தூசியால் சீக்கிரம் அடைபடும். அப்போது பில்டரைப் பார்க்காமல் த்ரொட்டிலை மட்டும் துடைப்பதில் பயனில்லை. த்ரொட்டில் சென்சரில் மின் கொடுக்கும் விசி வயர் 5 வோல்ட். திறப்பின் அளவைச் சொல்லும் விடிஏ வயர், பட்டர்பிளை மூடியிருக்க 0.3 முதல் 0.8, முழுதாகத் திறக்க 3.2 முதல் 4.9. இடையில் முள் துள்ளாமல் ஏற வேண்டும், அதற்கு முள் வைத்த மீற்றரே நல்லது. துள்ளினால் சென்சர் தேய்ந்துவிட்டது, திருப்பி வைப்பதால் சரிவராது. அதைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்குரூவும் கறள் பிடித்து இறுகியிருக்கும். ஸ்குரூ டிரைவரை வைத்துத் தலையில் இரண்டு தட்டுத் தட்டிய பிறகே திருப்புங்கள், இல்லையேல் தலை மழுங்கும்.

இனித்தான் ரைமிங், அதாவது மின்பொறி அடிக்கும் நேரத்தைச் சரியாக வைப்பது. எஞ்சினை விசிறி ஒரு தரம் சுழன்று நிற்கும்வரை சூடாக்கி, ஏசி, லைற் எல்லாம் நிறுத்துங்கள். பொனட்டுக்குள் இருக்கும் டயக்னோசிஸ் பெட்டியின் மூடியைத் திறந்தால், எந்த ஓட்டை எது என்று மூடியின் உட்பக்கமே படம் இருக்கும். டிஇ1 ஐயும் இ1 ஐயும் ஒரு சின்ன வயரால் இணையுங்கள். பக்கத்து ஓட்டையில் மாறிக் குத்தக் கூடாது: பற்றரி மின் வரும் பிளஸ் பி ஐ இ1 உடன் சேர்த்தால் நேரே சோர்ட். இணைத்ததும் எஞ்சின் ஐந்து விநாடி 1000 சுற்றைத் தாண்டி ஓடி, பிறகு தானாக இறங்கும். இறங்காவிட்டால் ஐடிலைக் கட்டுப்படுத்தும் வால்வில் கரி அல்லது கோளாறு, முதலில் அதைப் பாருங்கள். ரைமிங் லைற்றின் கிளிப்பை பெல்ட் பக்கத்து முதலாம் ஸ்பார்க் பிளக் வயரில் மாட்டி, பெல்ட் ஓடும் கிராங் கப்பியின் வெட்டு 10 என்ற கோட்டில் நிற்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் டிஸ்ரிபியூட்டரின் 12 மில்லிமீற்றர் போல்ட் இரண்டையும் அரைவாசி தளர்த்தி, மயிரிழை மயிரிழையாகத் திருப்பி வையுங்கள். இறுக்கும்போது அசையும், ஆகவே இறுக்கிய பின் மறுபடி பார்க்க வேண்டும்.

அந்த வயரைக் குத்தாமல் ரைமிங் வைப்பது இந்த எஞ்சினுக்குச் செய்யும் பெரிய அநியாயம். வயர் இல்லாதபோது கொம்பியூட்டர் தன் பாட்டுக்கு ரைமிங்கை முன்பின்னாக நகர்த்திக்கொண்டிருக்கும். அந்த நகர்வை 10 என்று எண்ணிப் பூட்டினால் எஞ்சின் இழுவை இழந்து, சூடேறி, பெற்றோல் தின்னும். இன்னொன்று: பழைய கப்பியின் நடு ரப்பர் விட்டு வெளிவளையம் வழுகியிருந்தால் வெட்டே பொய். முதலாம் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது வெட்டு 0 இல் நிற்கிறதா என்று ஒருமுறை உறுதிசெய்து கொள்ளுங்கள்.

ஐடில் எவ்வளவு என்பதைப் பொனட்டின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்ரிக்கரே சொல்லும்.

பெற்றோல் அமுக்கத்துக்கு கேஜ் வேண்டும். பெற்றோல் அமுக்கத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றரின் வெற்றிட ஹோஸைக் கழற்றினால் 38 முதல் 44 பிஎஸ்ஐ, பூட்டினால் 30 முதல் 37. எஞ்சினை நிறுத்தி ஐந்து நிமிடத்துக்குப் பிறகும் 21 க்குக் குறையக் கூடாது. கழற்றிய ஹோஸுக்குள் பெற்றோல் ஈரம் இருந்தால் ரெகுலேற்றர் கிழிந்துவிட்டது. 2022 இல் வரிசையில் நின்று கானில் சேர்த்து வைத்து ஊற்றிய பெற்றோலால் தண்ணீரும் கறளும் டாங்கிக்குள் போய், பில்டர் அடைபட்ட கார்கள் பல. பில்டர் மாற்றும்போது செம்பு வொஷர்களையும் புதிதாகப் போடுங்கள், பழையதைப் போட்டால் ஒழுகும்.

இன்ஜெக்டரைக் கடைசியாக வைப்பது காரணத்தோடுதான். 20 பாகையில் 13.8 ஓம் அளவில் இருந்தால் கொயில் நல்லது. பெஞ்சில் போட்டு 15 விநாடி அடிக்கும்போது ஒன்றுக்கொன்று 5 மில்லிலீற்றருக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. திரும்பப் பூட்டும்போது ஓ-ரிங்கும் கீழ் ரப்பரும் புதிது. ஓ-ரிங்கில் பெற்றோல் தடவி, இடமும் வலமும் திருப்பித் திருப்பி இறக்க வேண்டும். கிரீஸ் வேண்டாம். பூட்டிய பின் கையால் சுழன்றால் ஓ-ரிங் நேராக அமர்ந்திருக்கிறது.

ஒக்சிஜன் சென்சர் உள்ள காரில் கடைசிச் சோதனை எளிது. டிஇ1, இ1 வயரோடு 2500 சுற்றில் இரண்டு நிமிடம் ஓடவிட்டு, அதே டயக்னோசிஸ் பெட்டியின் விஎஃப்1 ஓட்டையில் முள் மீற்றர் வைத்தால் 10 விநாடியில் முள் 8 தரமாவது ஆட வேண்டும். ஆடாவிட்டால் சென்சர் தேய்ந்திருக்கும். கண்ட சிலிக்கனையும் கஸ்கற்றுக்குப் பூசினால் அதன் ஆவி இந்தச் சென்சரைக் கொல்லும் என்பதால், சென்சருக்குக் கேடில்லாதது என்று ரியூப்பில் எழுதியதை மட்டும் வாங்குங்கள்.

எல்லாம் முடிந்ததும் 15 அம்பியர் இஎஃப்ஐ பியூஸை 10 விநாடிக்கு மேல் கழற்றிப் போட்டால் கொம்பியூட்டரில் பதிந்த பழைய பிழைக் கோட் அழியும். மறுபடி செக் லைற் எரிந்தால் அதே வயரைக் குத்தி அந்த லைற்றின் மினுக்கை எண்ணிக் கோட்டை அறியலாம்: 22 தண்ணிச் சென்சர், 31 மெப், 41 த்ரொட்டில், 21 ஒக்சிஜன்.

இப்படி ஒழுங்காக வைத்த காரில் ரைமிங் வருடக்கணக்கில் அசைவதில்லை. திரும்பத் திரும்ப வருவது பிளக் வாய்ப் பச்சைதான், அதுவும் மார்கழி மழை முடிந்த கையோடு. ஆகவே தைமாதத்தில் ஒருமுறை எல்லா இன்ஜெக்சன் பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். சேவிஸ் செய்யும் இடத்தில் எஞ்சினுக்குப் பிரஷரில் தண்ணீர் அடிக்க விடாதீர்கள். பெற்றோல் கணக்கை ஒரே பெற்றோல் செட்டில், ஒரே பம்பில், வாய்வரை நிரப்பிக் கந்தளாய் போய்த் திரும்பி, மறுபடி நிரப்பிப் பாருங்கள். வாகன வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனைக்குப் போகும் நாளில், வீட்டிலிருந்து நேரே போய் வரிசையில் எஞ்சினை நிறுத்தி வைக்காமல், சீனன்குடா வரையாவது ஓடிச் சூடேற்றிக்கொண்டு போங்கள். குளிர் எஞ்சினுக்குக் கொம்பியூட்டர் கூடுதலாகக் கொடுக்கும் பெற்றோல்தான் அங்கே மீற்றரில் ஏறும்.