துபாய் வழியாகப் போர்முனை வேலை: பணம் கட்டும் முன் படித்துவிடுங்கள்

போர் நடக்கும் நாட்டில் ராணுவ முகாமில் வேலை, மாதம் ஒரு லட்சம் ரூபாய்ச் சம்பளம், சாப்பாடும் தங்குமிடமும் இலவசம், முதலில் துபாய்க்குப் போய்விட்டு அங்கிருந்து அனுப்பிவைப்போம் என்று யாராவது உங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தால், அவரிடம் பணம் கொடுக்கும் முன் இந்தப் பதிவைப் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். என் தம்பி இவ்வாறுதான் ஏமாற்றப்பட்டான். உயிரோடு திரும்பி வந்துவிட்டான் என்பதால் எங்கள் குடும்பம் நிம்மதியாக இருக்கிறது. ஆனால் அதே ஏஜென்ட் வேறு பெயரில் வேறு ஊரில் ஆள் எடுக்கிறார் என்று அறிந்த பிறகு எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே இருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்த கஜா புயலில் எங்கள் தென்னந்தோப்பு முழுவதும் சாய்ந்துவிட்டது. புதிதாக வைக்கும் தென்னம்பிள்ளை காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும் என்பதும், அதுவரை கடனுக்கு வட்டி நிற்காது என்பதும் டெல்டாவில் தோப்பு வைத்திருந்த அனைவருக்கும் தெரியும். தம்பி மோட்டாருக்குக் காயில் கட்டுவதிலும் ஜெனரேட்டர் பழுது பார்ப்பதிலும் கைதேர்ந்தவன். எட்டாவதோடு பள்ளியை விட்டவன் என்பதால் அவனுடைய பாஸ்போர்ட் இ.சி.ஆர். வகையைச் சேர்ந்தது, அதாவது சில நாடுகளுக்கு வேலைக்குப் போகும் முன் அரசின் அனுமதி தேவைப்படும் வகை. புயலுக்கு அடுத்த ஆண்டு, ஈராக்கில் அமெரிக்க முகாம் ஒன்றில் ஜெனரேட்டர் மெக்கானிக் வேலை, மாதம் 1,400 டாலர் என்று அந்த ஏஜென்ட் வந்து சொன்னபோது, அது அன்றைய மதிப்பில் ஒரு லட்சத்துக்குச் சற்றுத்தான் குறைவு.

அன்றிரவு வீட்டில் நடந்த பேச்சை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் இப்படிப்பட்ட வேலைக்குப் போகிறவர்களைப் பேராசைக்காரர்கள் என்று பேசுவது எங்கள் பக்கம் வழக்கமாகிவிட்டது. தம்பி கணக்குப் போட்டுத்தான் பேசினான். வளைகுடாவில் சாதாரண வேலைக்குப் போனால் கடனை அடைக்க ஏழெட்டு ஆண்டுகள் ஆகும், அதற்குள் பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள். இதில் இரண்டு ஆண்டுகளில் அடைத்துவிடலாம் என்றான். “ஆபத்து இருக்குன்னு தெரியும்க்கா. அதுக்குத்தான அந்தச் சம்பளம்” என்றும் சொன்னான். அவன் மனைவி சம்மதிக்கவில்லை. பிறகு அழுதுகொண்டே சம்மதித்தாள். அம்மா மட்டும் மறுநாள் ஏஜென்டிடம் நேராகக் கேட்டார்கள்: “அங்க ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, எங்களுக்கு யாரு தம்பி தகவல் சொல்லுவா?” அதற்கு அவர், “அம்மா, நல்ல காரியத்துக்குப் போறப்ப வாயக் கழுவுங்க. குண்டெல்லாம் டவுன்லதான் விழும். கேம்ப்புக்குள்ள கொசுகூட நுழையாது” என்று சொல்லி எழுந்துவிட்டார். அம்மாவின் கேள்விக்குக் கடைசி வரையில் யாரும் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத ஏஜென்ட் எவராக இருந்தாலும் அவரிடம் வேலை இல்லை என்றே இன்று நான் கருதுகிறேன்.

முகாமுக்குள் ஆபத்தில்லை என்பது பொய். 2019 டிசம்பர் 27 அன்று கிர்குக் அருகேயுள்ள கே-1 முகாமில் ராக்கெட்டுகள் விழுந்து, அமெரிக்கப் படைக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த, ராணுவத்தைச் சேராத பணியாளர் ஒருவர் கொல்லப்பட்டார். 2020 ஜனவரி 8 அன்று ஈரான் ஏவிய ஏவுகணைகள் அல் அசாத் விமானப்படைத் தளத்தில் விழுந்து, நூற்றுக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினருக்கு மூளை அதிர்ச்சிக் காயம் ஏற்பட்டது. 2021 பிப்ரவரியில் எர்பிலில் நடந்த ராக்கெட் தாக்குதலில் இறந்தவர்களில் ஒருவரும் ஒப்பந்தப் பணியாளர்தான், அமெரிக்கர் அல்லாதவர். சமையல் செய்பவரும் துணி வெளுப்பவரும் ஜெனரேட்டர் ஓட்டுபவரும் தூங்குவது அதே வேலிக்குள்தான்.

தம்பியிடம் மொத்தம் ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம் ரூபாய் வாங்கினார்கள். என் நகைகளைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்துக் கொடுத்த பணமும் அதில் சேரும். ரசீது முப்பதாயிரத்துக்கு மட்டுமே கிடைத்தது. மீதிக்கு “டாக்குமென்ட் சார்ஜ், மெடிக்கல், டிக்கெட்” என்று வாய்க்கணக்குதான். அந்த முப்பதாயிரத்துக்கு ஒரு காரணம் உண்டு என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டோம். இந்தியக் குடிபெயர்வு விதிகளின்படி, பதிவு பெற்ற ஏஜென்ட் வெளிநாட்டு வேலைக்குச் செல்பவரிடம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே சேவைக் கட்டணமாக வாங்கலாம், அதற்கு ரசீதும் தர வேண்டும். சட்டம் என்ன சொல்கிறது என்பதை நன்றாக அறிந்தவர்தான் சட்டத்துக்கு உட்பட்ட தொகைக்கு மட்டும் ரசீது எழுதியிருக்கிறார்.

இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. அமெரிக்க அரசின் ஒப்பந்த வேலைகளில், எந்த நாட்டுத் தொழிலாளியிடமும் வேலைக்கு ஆள் எடுப்பதற்கான கட்டணம் வாங்கக் கூடாது, அவருடைய பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைக்கக் கூடாது என்பது ஒப்பந்த விதியாகவே இருக்கிறது. ஆகவே அமெரிக்க முகாம் வேலை என்று சொல்லி ஒருவர் உங்களிடம் லட்சக்கணக்கில் பணம் கேட்டால், ஒன்று அந்த வேலை இல்லை, அல்லது அந்த வேலை இருந்தும் விதியை மீறித்தான் அது உங்களிடம் விற்கப்படுகிறது.

துபாய்க்கு அவனை விசிட் விசாவில் அனுப்பினார்கள். ஈராக் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும் இ.சி.ஆர். பாஸ்போர்ட்காரர்கள் குடிபெயர்வோர் பாதுகாவலர் என்ற மத்திய அரசு அதிகாரியிடம் அனுமதி பெற வேண்டும். அந்த அனுமதிக்கு முதலாளி யார், வேலை என்ன, சம்பளம் எவ்வளவு என்ற விவரங்கள் மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவாக வேண்டும். விசிட் விசாவில் போனால் இவை எதுவும் தேவையில்லை. திருச்சி விமான நிலையத்துக்குக் கிளம்பும் முன் தம்பி கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். அதில் குடியேற்ற அதிகாரி கேட்கக்கூடிய கேள்விகளும் மனப்பாடம் செய்ய வேண்டிய பதில்களும் தமிழில் கையால் எழுதப்பட்டிருந்தன. யாரைப் பார்க்கப் போகிறாய் என்றால் சித்தப்பா மகனை, எத்தனை நாள் என்றால் பத்து நாள், திரும்பும் டிக்கெட்டைக் காட்டு என்றால் இரண்டாவது பக்கம். ஈராக் என்ற சொல் வாயிலிருந்து வரவே கூடாது என்பது கடைசி வரி, அதற்குக் கீழே இரண்டு கோடுகள். அந்தத் தாள் இன்றும் என்னிடம் இருக்கிறது. தான் எங்கே போகிறோம் என்பதை அரசிடம் ஒருவன் மறைத்துவிட்டால், பிறகு அவன் காணாமல் போனாலும் அரசின் எந்த ஏட்டிலும் அவன் பெயர் அந்த நாட்டுக்கு நேராக இருக்காது என்பதை அந்த நேரத்தில் எங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

அனுமதி பெற்றுப் போகும் இ.சி.ஆர். தொழிலாளிக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு கட்டாயம். விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமுற்றாலோ 10 லட்சம் ரூபாய். அதற்கான பிரீமியம் இரண்டு ஆண்டுகளுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுகளுக்கு 375 ரூபாய். ஒன்றே முக்கால் லட்சம் வாங்கியவர் இந்தச் சில நூறு ரூபாய்ப் பாதுகாப்பும் கிடைக்காத வழியில் அவனை அனுப்பினார். பிரீமியம் மிச்சப்படுத்த அல்ல, பாதுகாவலரின் கண்ணில் படாமல் இருக்க.

துபாயில் இறங்கியதும் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். சோனாப்பூர் பக்கம் ஓர் அறையில் பட்டுக்கோட்டை, வேதாரண்யம் பக்கத்துப் பையன்களோடு அவனையும் தங்கவைத்தார்கள். பாதிப் பேருக்குத் தரையில்தான் படுக்கை. “விசா இன்னிக்கு வரும், நாளைக்கு வரும்” என்று வாரக்கணக்கில் ஓட்டிவிட்டு, விசிட் விசா முடியும் நேரத்தில் ஆங்கிலத்திலும் அரபியிலும் அச்சடித்த புது அக்ரிமென்டை நீட்டினார்கள். தம்பி அதை வாட்ஸாப்பில் எனக்குப் படம் எடுத்து அனுப்பினான். நான் ஒவ்வொரு வரியாகப் படித்தேன். வேலை, துப்புரவு உதவியாளர். சம்பளம், 450 டாலர். நேரம், நாளுக்குப் பன்னிரண்டு மணி, வாரம் ஏழு நாள். வேலை செய்யும் இடம் என்பதற்கு நேராக, கம்பெனி தீர்மானிக்கும் எந்த இடமும் என்று இருந்தது; நாட்டின் பெயர்கூட இல்லை. காப்பீடு என்ற சொல் தாளில் எங்கேயும் காணப்படவில்லை. மாறாக, பணியிடத்தில் உயிருக்கோ உடலுக்கோ நேரும் எந்தச் சேதத்துக்கும் தொழிலாளியே பொறுப்பு என்று ஒரு வரி இருந்தது. அதன் கீழ் வாரிசின் பெயர் எழுத விட்டிருந்த கட்டம் காலியாக இருந்தது.

கையெழுத்துப் போடாதே என்றேன். அவன் போடவில்லை. அறையிலிருந்தவர்களில் சிலர், வாங்கிய கடனுக்குப் பயந்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

இவ்வகை வேலையில் ஒப்பந்தம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறிக்கொண்டே போகும். முதல் ஒப்பந்தக் கம்பெனி, அதற்குக் கீழே ஒரு துணைக் கம்பெனி, அதற்கு ஆள் தரும் வளைகுடா சப்ளை கம்பெனி, அதற்கு ஆள் பிடிக்கும் சென்னை ஏஜென்ட், அவருக்குக் கீழே நம் ஊர் சப்-ஏஜென்ட். அமெரிக்காவில் 1941இல் இயற்றப்பட்ட ராணுவத் தள இழப்பீட்டுச் சட்டம், இந்த வரிசையில் எந்தப் படியில் இருக்கும் தொழிலாளிக்கும், அவர் எந்த நாட்டவராக இருந்தாலும், முதலாளி காப்பீடு எடுத்தே தீர வேண்டும் என்கிறது. காயம்பட்டு வேலை செய்ய முடியாமல் போனால் வாரச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கை அடிப்படையாகக் கொண்டு இழப்பீடு உண்டு. இறந்தால் குடும்பத்துக்கும் உண்டு. காயத்தை 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும், ஓராண்டுக்குள் உரிமை கோர வேண்டும் என்று கால வரம்பும் இருக்கிறது. ஆனால் கம்பெனியின் பெயரே தெரியாத ஒரு மனைவி, திருத்துறைப்பூண்டியில் உட்கார்ந்துகொண்டு யாரிடம் உரிமை கோருவாள்? அக்ரிமென்டில் இடம் எழுதாமல் விடுவதன் பயன் இதுதான்.

எங்களுக்கு நடந்தது புதிதல்ல என்பதைத் தேடிப் படித்தபோதுதான் அறிந்தேன். 2004 ஆகஸ்டில் ஈராக்கில் கடத்திக் கொல்லப்பட்ட 12 நேபாளத் தொழிலாளர்களில் பலர் ஜோர்டானில் வேலை என்று நம்பி வீட்டை விட்டுக் கிளம்பியவர்கள். 2008 டிசம்பரில் இந்தியா, நேபாளம், இலங்கை, வங்கதேசத்திலிருந்து ஏஜென்டுகளுக்குப் பணம் கட்டி வந்த ஏறத்தாழ ஆயிரம் பேர், வேலையும் சம்பளமும் இல்லாமல் பாக்தாத் விமான நிலையத்தின் அருகே கிடங்குகளில் மாதக்கணக்கில் அடைத்து வைக்கப்பட்டிருந்தது வெளியே தெரிந்தது. 2014 ஜூனில் மோசூலில் கடத்தப்பட்ட 39 இந்தியக் கட்டடத் தொழிலாளர்கள் இறந்துவிட்டதை அவர்களுடைய குடும்பங்கள் உறுதியாக அறிந்துகொள்ள 2018 மார்ச் வரை காத்திருக்க நேர்ந்தது. இப்போது களம் மாறியிருக்கிறது. ரஷ்யாவில் உதவியாளர் வேலை என்று அழைத்துச் செல்லப்பட்டுப் படையில் சேர்க்கப்பட்டவர்கள் பற்றி வெளியுறவு அமைச்சகம் 2025 ஜனவரியில் சொன்ன கணக்கு: 126 இந்தியர்கள், அவர்களில் 12 பேர் இறந்தார்கள், 16 பேரைக் காணவில்லை. அவர்களில் பலரையும் அழைத்தவர்கள் எங்களிடம் வந்தவரைப் போன்ற ஏஜென்டுகள்தான்.

போர் நாட்டுக்கு வேலைக்குப் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2023 இறுதியில் இஸ்ரேலின் கட்டட வேலைகளுக்கு ஹரியானாவிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு அமைப்புகள் மூலமாகவே ஆள் எடுத்தார்கள். மாதம் ஒன்றேகால் லட்சத்துக்கும் மேலே சம்பளம். வரிசையில் நின்றவர்களுக்கு எந்த நாடு, என்ன சண்டை என்பது தெரிந்திருந்தது. ஆபத்தும் இருக்கவே செய்தது. 2024 மார்ச்சில் வட இஸ்ரேலில் ஒரு பண்ணையில் ஏவுகணை விழுந்து கேரளத் தொழிலாளி ஒருவர் இறந்தார். கடனையும் குடும்பத்தையும் ஆபத்தையும் எடைபோட்டுப் போவதும் போகாமல் இருப்பதும் ஒருவருடைய உரிமை. என் தம்பியிடமிருந்து திருடப்பட்டது பணம் மட்டுமன்று, அந்த உரிமையும்தான். அவன் எடைபோட்ட சம்பளம் பொய், வேலை பொய், ஆபத்தின் அளவும் பொய்.

ஆகவே, போவதென்று முடிவெடுப்பவர்கள் முதலில் ஏஜென்டின் பதிவு எண்ணைக் கேட்டு இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள். பதிவு பெறாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பது 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி குற்றம். அக்ரிமென்ட் ஊரிலேயே கைக்கு வர வேண்டும், அதில் முதலாளியின் முழுப் பெயரும் நாடும் முகாமும் காப்பீட்டுக் கம்பெனியும் இருக்க வேண்டும், ஒரு நகல் வீட்டில் இருக்க வேண்டும். ஏற்கெனவே எடுத்திருக்கும் ஆயுள் காப்பீட்டில் விபத்துப் பலன் இருக்கிறதே என்று நம்பியிருக்க வேண்டாம். போரால் நேரும் மரணம் பெரும்பாலும் அந்த விபத்துப் பலனில் சேராது. சந்தேகம் இருந்தால் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலோ சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலோ கேட்கலாம்.

தம்பி ஊர் திரும்ப, கூடுதலாகத் தங்கியதற்கான அபராதத்தையும் டிக்கெட்டையும் நாங்களே கட்டினோம். மாவட்டக் குற்றப்பிரிவில் புகார் கொடுத்த பிறகு ஐம்பதாயிரம் மட்டும் திரும்ப வந்தது. மீதிக்கு வழக்கு நடக்கிறது. ரசீது இல்லாத தொகைக்கு எங்களிடம் இருந்த ஆதாரம், தம்பி ஜி-பேயில் அனுப்பிய பதிவுகளும் ஏஜென்டின் குரல் பதிவுகளும்தான்; அவற்றை அழிக்காமல் வைத்திருந்தது உதவியது. அந்த அறையில் அவனோடு இருந்தவர்களில் புகார் கொடுத்தவர்கள் எங்களைத் தவிர யாரும் இல்லை. வெளிநாடு போய் வெறுங்கையோடு வந்துவிட்டான் என்று ஊர் பேசுமே என்று சிலர் கூசுகிறார்கள், மீதிப் பணமும் வராமல் போய்விடுமோ என்று சிலர் அஞ்சுகிறார்கள். அவர்களில் யாராவது இதைப் படித்தால், உங்கள் மாவட்டக் குற்றப்பிரிவில் தனியாக ஒரு புகார் கொடுங்கள். ஒரே ஆள்மீது பல மாவட்டங்களிலிருந்து புகார் சேர்ந்தால் இதைக் கொடுக்கல் வாங்கல் தகராறு என்று சொல்லித் தப்பிக்க அவரால் முடியாது என்று எங்கள் வழக்கறிஞர் சொல்கிறார்.