ஹோண்டா சிபி750-க்கு எந்த முன்பக்கம்? மூன்று வழிகள், ஓர் ஒப்பீடு

1969-இல் விற்பனைக்கு வந்த ஹோண்டா சிபி750 மோட்டார் சைக்கிளின் எஞ்சினைப் பற்றி இன்றும் குறை சொல்வோர் அரிது. 736 சிசி, நான்கு சிலிண்டர்கள், 67 குதிரைத்திறன், மணிக்கு ஏறத்தாழ 200 கி.மீ. வேகம் என்று அது தந்தவை அந்த விலையில் வேறெங்கும் கிடைக்காதவை. அந்த எஞ்சினைச் சுமந்த முன்பக்கமோ முன் சக்கரத்தைத் தாங்கும் 35 மி.மீ. குழாய் ஃபோர்க், 19 அங்குல ஸ்போக் சக்கரம், ஒற்றை டிஸ்க், அதை அழுத்திப் பிடிக்கும் ஒற்றை பிஸ்டன் காலிப்பர் என்ற அளவோடு நின்றுவிட்டது. எண்ணெய், பெட்ரோல் நீங்கலாகவே 218 கிலோ எடையுள்ள வண்டியை இன்றைய சாலையில், இன்றைய கார்களின் பிரேக்குகளுக்கு நடுவே ஓட்டுபவருக்கு அது போதாது. முன்பக்கத்தைத் திருத்த வேண்டும் என்பதில் பெரும்பாலோருக்குக் கருத்து வேறுபாடு இல்லை; எந்த அளவுக்கு என்பதில்தான் பட்டறைகள் பிரிந்து நிற்கின்றன.

வழிகள் மூன்று. முதலாவது, பழைய ஃபோர்க்கையே வைத்துக்கொண்டு உள்ளுறுப்புகளை மாற்றுவது. இரண்டாவது, சுஸுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர் போன்ற ஸ்போர்ட்ஸ் பைக்கின் தலைகீழ் ஃபோர்க்கை (தடித்த குழாய் மேலே இருப்பது), சக்கரமும் பிரேக்கும் சேர்த்து முழுதாகப் பொருத்துவது. மூன்றாவது அதிகம் பேசப்படாதது: ஹோண்டாவின் சொந்த வரிசையிலிருந்தே, நிமிர்ந்த வகையாயினும் உள்ளே கார்ட்ரிட்ஜ் (எண்ணெய்த் தணிப்பைக் கவனிக்கும் தனி உள்ளமைப்பு) கொண்ட பிந்தைய ஃபோர்க் ஒன்றைக் கொண்டுவருவது. 2001-இல் வந்த சிபிஆர்600எஃப்4ஐ-இன் 43 மி.மீ. ஃபோர்க் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

முதல் வழியை ஏழையின் தீர்வு என்று ஒதுக்குவது தவறு. பழைய ஃபோர்க்கின் அடிப்படைக் குறை, அதில் எண்ணெய் மாறாத அளவுள்ள துளைகளின் வழியே பிதுங்கி ஓட வேண்டியிருப்பது. துளை மாறாதபோது, ஃபோர்க்கின் அசைவை எதிர்க்கும் தணிப்பு விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. ஃபோர்க் இரு மடங்கு வேகத்தில் அமுங்கினால் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. அதனால்தான் பிரேக் பிடிக்கும்போது மெதுவாக அமுங்குகையில் தடையே இல்லாமல் மூக்கு கவிழ்கிறது. கூர்மையான மேட்டில் ஏறும்போதோ ஃபோர்க் கட்டையாகி, அடி நேரே மணிக்கட்டுக்கு வருகிறது. அமெரிக்காவின் ரேஸ் டெக் நிறுவனம் விற்கும் 'எமுலேட்டர்' என்ற வால்வு இந்த இரண்டு குறைகளையும் ஒரே நேரத்தில் தொடுகிறது. ஃபோர்க்குக்குள் அந்தத் துளைகளைக் கொண்டிருக்கும் டேம்பர் ராடின் தலைமேல் அமர்ந்து, ஃபோர்க் ஸ்பிரிங்கின் அழுத்தத்தால் அங்கேயே நிற்கும் அது, எண்ணெயின் அழுத்தம் கூடும்போது தன் சிறு ஸ்பிரிங்கைத் தள்ளித் திறந்துகொள்கிறது. இதற்காக ராடின் பழைய துளைகளை ஏறத்தாழ 8 மி.மீ. அளவுக்குப் பெரிதாக்கி, அவை இனித் தடையாக இராதபடி செய்தாக வேண்டும். அமுக்கத் தணிப்பை வால்வு கவனித்துக்கொள்ளும்; ஃபோர்க் மீண்டும் நீளும்போதான மீள்தணிப்பு மட்டும் முன்போலவே எண்ணெயின் தடிமனைப் பொறுத்து அமையும். எல்லாப் பழைய ஃபோர்க்குகளிலும் டேம்பர் ராடு இருப்பதில்லை என்பதால், பிரித்துப் பார்த்த பிறகே வால்வை வாங்குவது நல்லது. எடைக்குப் பொருந்தும், ஒரே சீரான விறைப்புள்ள ஸ்பிரிங்குகள், ஃபோர்க் திரும்பும் கழுத்தில் உதிரிக் குண்டுகளுக்குப் பதிலாகக் கூம்பு உருளை பேரிங் ஆகியவற்றையும் சேர்த்துவிட்டால், வண்டியின் வடிவியல் ஒரு மி.மீ. கூட மாறாமல் குணம் வெகுவாக மாறிவிடுகிறது. மீதமிருப்பது 35 மி.மீ. குழாயின் வளைவும் பிரேக்கும்தான். இரு கால்களையும் இணைக்கும் ஃபோர்க் பிரேஸ் ஒன்று முன்னதை ஓரளவு தணிக்கும். பின்னதற்குத் தனி ஏற்பாடு வேண்டும்.

இரண்டாவது வழியின் ஈர்ப்பு கண்ணுக்குத் தெரியும் ஈர்ப்பு. 2001-ஆம் ஆண்டின் ஜிஎஸ்எக்ஸ்-ஆர் 1000-இன் பொன்னிற 43 மி.மீ. ஃபோர்க்கையும் 320 மி.மீ. இரட்டை டிஸ்க்கையும் சிபி750-இன் கழுத்தில் பார்த்தவர் அதை எளிதில் மறப்பதில்லை. ஆயினும் ஒப்பீட்டின் கனமான பகுதி, பொருத்திய பின் வண்டி எப்படித் திரும்பும் என்பதுதான். அதைத் தீர்மானிப்பவை மூன்று அளவுகள்: கழுத்துச் சாய்வு, கழுத்துத் தண்டின் மையத்திலிருந்து ஃபோர்க் குழாய்கள் முன்தள்ளி நிற்கும் ஆஃப்செட், சக்கரத்தின் ஆரம். இம்மூன்றும் சேர்ந்து டிரெயிலை உண்டாக்குகின்றன. அதாவது கழுத்தின் அச்சுக்கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் இடையிலான தூரத்தை.

சிபி750-இன் சாய்வு 27 பாகை, டிரெயில் 95 மி.மீ. முன் டயரின் ஆரத்தை 330 மி.மீ. என்று கொண்டால், ஆஃப்செட் ஏறத்தாழ 65 மி.மீ. என்று கணக்கு சொல்கிறது. ஃபோர்க் குழாய்களைக் கழுத்தோடு பிணைக்கும் ஸ்போர்ட்ஸ் பைக்கின் கிளாம்புகளில் அது 30 மி.மீ. அளவிலேயே இருக்கிறது, அவற்றின் 120/70-17 டயரின் ஆரமும் 300 மி.மீ. மட்டுமே. ஃபோர்க்கை மட்டும் மாற்றி, தோற்றத்துக்காகப் பழைய 19 அங்குலச் சக்கரத்தை வைத்துக்கொள்பவர், சாய்வு 27 பாகையிலேயே நின்றால் 134 மி.மீ. டிரெயிலைப் பெறுகிறார். மெதுவான திருப்பங்களில் கைப்பிடி தானாகவே உள்ளே விழுவது போலவும், வேகத்தில் வண்டி திரும்ப மறுப்பது போலவும் தோன்றும். ஓட்டுபவர் குற்றத்தை டயரில் தேடுவார். 17 அங்குலச் சக்கரத்தையும் சேர்த்தே பொருத்தினால், அதே சாய்வில் டிரெயில் 119 மி.மீ. ஆகிறது. இதுவும் கனமான கைப்பிடிதான்.

ஆனால் சாய்வு 27-இல் நிற்பதில்லை. புதிய சக்கரத்தின் ஆரம் 30 மி.மீ. குறைவு, ஜிஎஸ்எக்ஸ்-ஆர் ஃபோர்க்குகளும் பெரும்பாலும் சிபி750-இன் ஃபோர்க்கைவிடக் குட்டையானவை. 1455 மி.மீ. சக்கர இடைவெளியில் முன்பக்கம் 25 மி.மீ. தாழ்ந்தால் சாய்வு ஏறத்தாழ 1 பாகை நிமிர்கிறது. எல்லாம் சேர்ந்து 75 மி.மீ. தாழ்ந்தால் சாய்வு 24 பாகையாகி, டிரெயில் 101 மி.மீ.க்கு வந்து நிற்கும். மேலே சொன்ன ஜிஎஸ்எக்ஸ்-ஆர் 1000-இன் சொந்த அளவுகளே 24 பாகை, 96 மி.மீ. என்பதால், தாளில் இது அழகாகத்தான் இருக்கிறது. இந்த அழகுக்கு விலை தரை இடைவெளி: நான்கு சைலன்சர்களும் நடு ஸ்டாண்டும் முன்பைவிடத் தாழ்ந்து நிற்க, சாய்ந்து திரும்புகையில் அவையே முதலில் தரையைத் தேய்க்கும். வண்டியைத் தாழ்த்த விரும்பாதவருக்கு மாற்று உண்டு. 17 அங்குலச் சக்கரத்துக்கு 50 மி.மீ. ஆஃப்செட் உள்ள கிளாம்புகளைக் கடைந்தெடுத்து, ஃபோர்க்கின் நீளக் குறையையும் ஈடுசெய்து சாய்வை 27 பாகையிலேயே நிறுத்தினால், டிரெயில் 97 மி.மீ. ஆகிறது. இந்த வழியில் மிகச் சிறந்த முடிவு இதுவே என்பது என் கருத்து. அதிகம் செலவாவதும் இதற்கே.

பொருத்தும் வேலையிலும் சில சிக்கல்கள் உள்ளன. சுஸுகியின் கழுத்துத் தண்டு ஹோண்டாவின் கழுத்துக்கு அளவில் ஒத்துவராது. தண்டை அழுத்தி எடுத்து வேறொன்றை அடிக்க வேண்டும், அல்லது அளவு பார்த்து பேரிங்குகளைத் தேட வேண்டும். தலைகீழ் ஃபோர்க்கில் தடித்த குழாய் மேலே இருப்பதாலும், இரு கால்களுக்கிடையே அகலம் கூடுவதாலும், கைப்பிடியை முழுதாகத் திருப்பும்போது அது பெட்ரோல் டாங்கில் மோதும். கைப்பிடியின் திருப்பத்தை நிறுத்தும் தடுப்பை முன்னே கொண்டுவந்தால் டாங்க் தப்பும், ஆனால் நெரிசலில் வண்டியைத் திருப்பும் வட்டம் பெரிதாகிவிடும். ஸ்பீடாமீட்டர் கேபிள் பழைய ஹப்பிலிருந்து வருவதால் அதற்கும் மின்னணு மாற்று வேண்டும். இவை எல்லாம் தீர்க்கக்கூடியவை. தீர்க்க லேத் வேலை தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

எஃப்4ஐ ஃபோர்க்கின் வழி இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. உள்ளே கார்ட்ரிட்ஜ் இருப்பதால் அமுக்கத் தணிப்பு, மீள்தணிப்பு, ஸ்பிரிங் முன்னழுத்தம் மூன்றையும் வெளியிலிருந்தே திருப்பி அமைக்கலாம், 296 மி.மீ. இரட்டை டிஸ்க்கும் நான்கு பிஸ்டன் காலிப்பர்களும் உடன் வருகின்றன. மெல்லிய குழாய் மேலே இருப்பதால் டாங்க் மோதும் சிக்கல் குறைவு, தோற்றத்திலும் 1970-களின் வண்டியோடு சண்டையிடாது. ஆஃப்செட், சக்கர ஆரம் பற்றிய மேற்கண்ட கணக்கு மட்டும் இதற்கும் அப்படியே பொருந்தும். தலைகீழ் ஃபோர்க்கின் கூடுதல் விறைப்பை இது தராது என்பது உண்மை. 1969-இன் இரும்புச் சட்டகம் அந்த விறைப்பைப் பயன்படுத்திக்கொள்ளுமா என்பதே கேள்வி. முன்பக்கம் வளைய மறுத்தால், வளைவு கழுத்துப் பற்றவைப்புக்கும் பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ்ஷுக்கும் போகும். பின்னால் வெண்கல புஷ், நல்ல ஷாக் அப்சார்பர் ஆகியவற்றைப் போடாமல் முன்னால் மட்டும் ஜிஎஸ்எக்ஸ்-ஆர் ஃபோர்க் போட்ட வண்டி, வேகமான வளைவில் பழையதைவிட நிம்மதி தரும் என்று சொல்ல முடியாது. டயரும் அப்படியே: முன்னால் ரேடியலும் பின்னால் பழைய பயாஸ் வகையும் கலப்பதை டயர் தயாரிப்பாளர்கள் பொதுவாக ஏற்பதில்லை, முன் சக்கரத்தை மாற்றும்போதே பின் சக்கரமும் செலவுக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

ஸ்பிரிங்கையும் மறக்கக் கூடாது. ஜிஎஸ்எக்ஸ்-ஆர் 1000 எரிபொருளின்றி 170 கிலோ. சிபி750 அதைவிட 48 கிலோ அதிகம். ஃபோர்க்கை வந்தபடியே பொருத்தாமல், ஓட்டுபவர் ஏறி அமர்ந்ததும் அது எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்து, 30 முதல் 35 மி.மீ.க்குள் வரும்படி ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பிரேக்கில் ஐயமே இல்லை: பின்னிரண்டு வழிகளும் முதல் வழியை எளிதில் வெல்கின்றன. ஹோண்டாவின் பழைய துருப்பிடிக்காத எஃகு டிஸ்க் மழையில் பிடிக்கத் தயங்குவது தெரிந்த செய்தி. ஆனால் இரட்டைக் காலிப்பருக்கு, பிரேக் லீவர் அழுத்தும் பழைய 14 மி.மீ. மாஸ்டர் சிலிண்டரையே வைத்தால் லீவர் கைப்பிடிவரை வந்துவிடும். காலிப்பர்களோடு அவற்றுக்குரிய மாஸ்டர் சிலிண்டரையும் அதே வண்டியிலிருந்து எடுப்பதே பாதுகாப்பு.

சட்ட விதிகளையும் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் ஃபோர்க்கையும் பிரேக்கையும் மாற்றினால் டியூவி போன்ற வாகனச் சோதனை அமைப்பின் பொறியாளர் சோதித்து, மாற்றம் ஆவணத்தில் ஏற வேண்டும். இந்தியாவில் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவில், பதிவுச் சான்றிதழின் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. எமுலேட்டரும் புதிய ஸ்பிரிங்கும் ஃபோர்க்குக்குள்ளேயே அடங்கிவிடுபவை.

ஆகவே 1969-இன் தொடக்கத்தில் 'மணல் வார்ப்பு' என்று (தவறாக) அழைக்கப்படும் எஞ்சினோடு வந்த வண்டி கையில் இருப்பவருக்கு முதல் வழி ஒன்றே வழி. அதன் மதிப்பு அதன் அசல் தன்மையில் இருக்கிறது. 1970-களின் சாதாரண சிபி750-ஐ நெடுஞ்சாலையில் ஓட்டுபவருக்கு எஃப்4ஐ முன்பக்கத்தையே பரிந்துரைப்பேன். தலைகீழ் ஃபோர்க்கோ, ஸ்விங் ஆர்ம், பின் சக்கரம், சட்டகத்தின் வலுவூட்டல் என்று முழு வண்டியையும் மாற்றத் துணிந்தவருக்கு உரியது. பின்னிரண்டு வழிகளில் எதை எடுத்தாலும் ஃபோர்க், கிளாம்பு, ஆக்சில், ஸ்பேசர், சக்கரம், டிஸ்க், காலிப்பர் அனைத்தையும் ஒரே வண்டியிலிருந்து ஒரே தொகுப்பாக வாங்க வேண்டும். சந்தைக்கு வரும் முன்பக்கங்களில் பல விபத்து வண்டிகளுடையவை என்பதால், பணம் கொடுக்கும் முன் குழாய்களைக் கழற்றித் தட்டையான கண்ணாடிமேல் உருட்டி வளைவு பார்ப்பதும், கீழ்க் கிளாம்பின் தண்டுப் பகுதியில் விரிசல் தேடுவதும் கட்டாயம்.