எஞ்சினா, சேஸா, பிரேக்கா: முப்பது வருஷப் பிக்கப்பில் காசை எங்கே போடுவது?

சித்தப்பாவின் வண்டி 1994 மாடல் மஹிந்திரா. முன்பக்கம் ஜீப், பின்பக்கம் தொட்டி. கடலூர் துறைமுகத்தில் மீன் பெட்டியும் ஐஸும் ஏற்றி இருபது வருஷத்துக்கு மேல் ஓடியது. அப்புறம் தாழங்குடா பக்கம் ஒரு கொட்டகையில் கிடந்தது. 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலுக்குப் பின்னால் சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டு தென்பெண்ணை பெருகியபோது கொட்டகைக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. வடிந்த பிறகு போய்ப் பார்த்தால் கதவில் பாதி உயரத்துக்கு வண்டல் கோடு.

அதன் பிறகு வீட்டில் மூன்று கட்சி. "இரும்புக்கடைக்குப் போட்டுட்டு ஒரு செகண்ட் ஹேண்ட் பொலேரோ பிக்கப் எடுத்துக்கலாம்" என்பது என் கட்சி. "இதே எஞ்சினைப் பிரிச்சுக் கட்டினா இன்னும் பத்து வருஷம் ஓடும்டா" என்பது சித்தப்பா. புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன், "டிஐ எஞ்சினைக் கியர்பாக்ஸோட போட்டுடலாம் தம்பி, வண்டி பறக்கும்" என்றார். பிக்கப்புக்குப் பிக்கப்பே இல்லை என்ற பழைய கிண்டல் அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

மூன்று பேரும் எஞ்சினை வைத்தே கணக்குப் போட்டோம். வண்டிக்கு அடியில் ஒருவரும் குனிந்து பார்த்திருக்கவில்லை.

முதலில் சுத்தியல்

நம் கடற்கரையில் வண்டிக்கு வயசாவது உப்பால். அதிலும் மீன் வண்டி என்றால் காற்றில் வரும் உப்பு போதாதென்று ஐஸ் உருகி வடியும் உப்புத் தண்ணீர் நாள் முழுக்க வண்டியின் அடிச்சட்டமான சேஸில் சொட்டும்.

அண்ணன் ஒரு சின்னச் சுத்தியலோடு வண்டிக்கு அடியில் படுத்தார். முன் சக்கரத்திலிருந்து சேஸைத் தட்டிக்கொண்டே பின்னால் நகர்ந்தார். டங், டங், டங். பின் ஸ்பிரிங் பட்டை தொங்கும் பிராக்கெட்டுக்கு ஒரு சாண் முன்னால் வந்ததும் சத்தம் 'பொத்' என்று மாறியது. இன்னொரு தட்டு தட்டினார். சுத்தியல் முனை உள்ளே போய்விட்டது. ஓட்டையிலிருந்து காய்ந்த டீத்தூள் மாதிரி துரு அவர் கழுத்தில் கொட்டியது.

இங்கே உள்ள வழிகள் இரண்டே. ஓட்டை நேரான பகுதியில் இருந்தால், நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்துவிட்டு அதே கனத்தில் பிளேட் வைத்து வெல்டிங் அடிக்கலாம். பிராக்கெட் உட்காரும் இடமே போயிருந்தால் வண்டியை விட்டுவிடலாம். பாரம் முழுக்க அந்த இடத்தில்தான் இறங்குகிறது. மூன்றாவதாக வேறு சேஸ் வாங்கிப் போடலாம் என்பார்கள். சேஸ் நம்பர் மாறினால் அது வேறு வண்டி, ஆர்சி புக் செல்லாது, அந்தப் பேச்சுக்கே போக வேண்டாம். எங்களுக்கு ஒரு சாண் மிச்சம் இருந்தது. வண்டி பிழைத்தது அந்த ஒரு சாணால்.

துரு மறுபடி வராமல் இருக்க என்ன பூசுவது என்பதில் பெரிய சண்டையே நடக்கும். பழைய எஞ்சின் ஆயிலை ஸ்ப்ரே அடிப்பது துறைமுகத்துக்காரர்களின் வழக்கம். கடையில் கறுப்பு ரப்பர் கோட்டிங் அடித்துத் தருகிறார்கள். பார்க்க அழகாக இருப்பது கோட்டிங்தான். ஆனால் உள்ளே துளி துரு இருக்கும்போது மேலே கோட்டிங் போட்டால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். வெளியே பளபளப்பு, உள்ளே அரிப்பு. புதிதாக வாங்கிய வண்டிக்கு அது சரி, முப்பது வருஷ வண்டிக்குச் சரிப்படாது. ஆயில் அசிங்கம், வாசலெல்லாம் கறை, ரப்பர் புஷ்களையும் ஊறவைத்துக் கெடுத்துவிடும். நான் துருவைச் சுரண்டி, பிரைமர், பெயின்ட் அடித்து, பெட்டியாக மூடிய பகுதிகளுக்குள் மட்டும் கிரீஸைக் காய்ச்சி ஊற்றினேன். வருஷம் ஒரு முறை பார்க்க வேண்டிய வேலை, சோம்பேறிகளுக்கு ஆகாது.

எஞ்சின்: மூன்று போட்டியாளர்கள்

வண்டியில் இருந்தது பீஜோ எஞ்சின். 1979இல் பிரான்சின் பீஜோவிடம் உரிமம் பெற்று மஹிந்திரா இங்கே தயாரித்த எக்ஸ்டிபி 4.90. நாலு சிலிண்டர், 2112 சிசி, 62 குதிரைத்திறன். பிரெஞ்சு எஞ்சினைப் புதுச்சேரியில் பிரிக்கிறோம் என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "பார்ட்ஸ் பிரான்ஸிலயா கிடைக்கும்? சென்னைப் புதுப்பேட்டைக்குத்தான் போகணும்" என்றார்.

முதல் வழி, இதையே பிரித்துக் கட்டுவது: பிஸ்டன், ரிங், லைனர், பேரிங், வால்வு வேலை, டீசல் பம்ப், நாசில். இந்த எஞ்சினில் டீசல் நேராகச் சிலிண்டருக்குள் போவதில்லை. பக்கத்தில் உள்ள சின்ன அறையில் எரியத் தொடங்கிப் பிறகு உள்ளே வருகிறது. அதனால் சத்தம் மெதுவாக இருக்கும். அதே காரணத்தால் சூடு வீணாகும், டீசல் கூடுதலாகக் குடிக்கும், காலையில் ஹீட்டர் பிளக் சூடாகும்வரை காத்திருக்க வேண்டும். கடலூர் வெயிலில் அது பெரிய தொல்லை இல்லை, மார்கழி விடியலில் மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

இரண்டாவது, அதே பீஜோ குடும்பத்தின் 2498 சிசி எஞ்சின், எக்ஸ்டி3பி. பத்துக் குதிரைத்திறன் கூடுதல். ஜீப் பிரியர்களின் செல்லப்பிள்ளை. நல்ல நிலையில் ஒன்று கிடைப்பதுதான் கஷ்டம். கிடைப்பதெல்லாம் இன்னொருத்தர் கழற்றிப் போட்டது. அதையும் பிரித்துக் கட்ட வேண்டும் என்றால் நம்முடையதையே கட்டிவிடலாமே?

மூன்றாவது, அண்ணன் சொன்ன டிஐ, அதாவது டைரக்ட் இன்ஜெக்‌ஷன். 2523 சிசி. பழைய இன்டர்நேஷனல் டிராக்டர் எஞ்சின் வழியில் வந்தது. பண்ருட்டியிலோ நெல்லிக்குப்பத்திலோ எந்த டிராக்டர் மெக்கானிக்கிடம் விட்டாலும் கை கூசாமல் பிரிப்பார். டீசல் நேராகச் சிலிண்டரில் எரிவதால் மைலேஜ் நிச்சயம் கூடும். குதிரைத்திறன் எண்ணைப் பார்த்தால் பீஜோவுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் வேகம் குறைவாக இருக்கும்போதே இழுவை வந்துவிடும், பாரத்தோடு மேடேறும்போது தெரியும். ஐந்து கியர் பாக்ஸ் சேர்ந்தே வருவதால் ஈசிஆரில் எஞ்சின் கதறாமல் போகலாம். பவர் ஸ்டீயரிங் பம்ப் மாட்ட இடமும் இருக்கும். சத்தமும் அதிர்வும் மட்டும் டிராக்டரேதான், கேபினில் போன் பேச முடியாது.

வண்டியாக மட்டும் பார்த்தால் டிஐ ஜெயிக்கிறது. இதை மறைக்க மாட்டேன். தோற்பது காகிதத்தில்.

ஆர்சியில் எஞ்சின் நம்பரும் சிசியும் இருக்கின்றன. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியாகச் சொன்னது. அதே வகை எஞ்சின் என்றாலும், நம்பர் மாறினால் ஆர்டிஓ அனுமதி வாங்கிப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். 2112 இருந்த இடத்தில் 2523 வந்தால் என்ன பதில் சொல்வது? எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்சி, அதாவது தகுதிச் சான்று. யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று நம்பி வருஷா வருஷம் போய் நிற்கும் துணிச்சல் எனக்கு இல்லை. விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் தேடுவதும் இதைத்தான்.

சித்தப்பா கட்சி ஜெயித்தது. அவர் நினைத்த காரணத்துக்காக ஜெயிக்கவில்லை, அதை அவரிடம் சொல்லவும் இல்லை.

எஞ்சினை இறக்கியபோது கியர்பாக்ஸையும் பின் அச்சின் ஹவுசிங்கையும் திறந்தோம். வடிகால் போல்ட்டைக் கழற்றியதும் வந்த ஆயில் பால் அதிகமான டீ மாதிரி இருந்தது. வெள்ளத்தில் நின்ற வண்டி எதை வாங்கினாலும் விலை பேசுவதற்கு முன் இந்த போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். பேரிங்குகளை மாற்றினோம், பின் அச்சின் பல்சக்கரங்களான கிரவுன் பினியன் தப்பித்தது. முதல் ஆயிலை ஒரு வாரத்திலேயே வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றினோம்.

மின்சாரமாக மாற்றலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். அங்கீகாரம் பெற்ற கிட் வேண்டும், பேட்டரி விலைக்கு வேறு வண்டியே வரும். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பிரேக்கும் வெளிச்சமும்

எஞ்சினில் மிச்சம் பிடித்த காசு இங்கே போனது. நாலு சக்கரத்திலும் டிரம். தண்ணீரில் இறங்கி ஏறினால் டிரம்முக்குள் ஈரம் தங்கி, முதல் நாலு மிதிக்கு வண்டி நிற்காது. மழைக்காலத்தில் கடலூர் ரோட்டில் ஓட்டியவர்களுக்கு அந்தப் பயம் தெரியும். முன்பக்கம் டிஸ்க் மாற்றினால் ஈரம் உடனே வழித்தெறியப்படும். ஆனால் உப்புக் காற்றில் கேலிப்பர் பின் இறுகி, ஒரு பக்கத்து பேட் மட்டும் தேயும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கழற்றிச் சுத்தம் செய்து, அதற்கான கிரீஸ் வைக்க வேண்டும். டிரம் இவ்வளவு கவனிப்பு கேட்காது.

நான் டிஸ்க் பக்கம். கூடவே, பிரேக் மிதியை லேசாக்கும் வேக்குவம் பூஸ்டர். டீசல் எஞ்சினில் தானாக வேக்குவம் கிடைக்காது, ஆல்டர்னேட்டரின் பின்னால் பம்ப் உள்ள வகையாக வாங்க வேண்டும். இதைத் தெரியாமல் பூஸ்டரை மட்டும் வாங்கி வைத்துவிட்டு இரண்டு வாரம் விழித்தேன். இந்த மாற்றத்தையும் முன்கூட்டியே ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு செய்வது நல்லது. எஃப்சி அன்றைக்கு நின்று வாதாட முடியாது.

ஹெட்லைட்டில் எல்லோரும் எல்இடி போடச் சொன்னார்கள். ஏழு அங்குல வட்ட விளக்கு, எல்இடியே கிடைக்கிறது. போட்டுப் பார்த்தேன். எதிரே வருகிறவர் திட்டுவது கண்ணாடி மூடியிருந்தும் கேட்டது. கழற்றிவிட்டு சாதாரண 60/55 வாட் ஹாலஜனே மாட்டினேன், ஆனால் ரிலே (சுவிட்ச் சொன்னதும் பேட்டரி மின்சாரத்தை நேராக விடும் சின்னப் பெட்டி) வைத்து. பழைய வண்டியில் விளக்குக்கான மின்சாரம் முழுக்க டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகச் சுற்றி வருகிறது. பச்சைக் களிம்பு பிடித்த வயரில் பாதி அங்கேயே போய்விடும். பேட்டரியிலிருந்து தடிமனான வயர், நடுவில் இரண்டு ரிலே. அதே பல்பு, வேறு வெளிச்சம். மொத்த வேலையிலேயே மிகக் குறைந்த செலவு இதுதான்.

தொட்டி

இரும்புத் தகடு, அலுமினியச் செக்கர் பிளேட், மரம். அலுமினியம் துருப்பிடிக்காது என்பார்கள், உண்மைதான். ஆனால் உப்பு ஈரத்தில் இரும்புச் சட்டத்தோடு ஒட்டிக்கிடந்தால் போல்ட் ஓட்டையைச் சுற்றி வெள்ளைப் பொடியாக அரிக்கும். நடுவில் ரப்பர் ஷீட் வைத்தே ஆக வேண்டும். எங்களிடம் பலாப் பலகை இருந்தது. 2011 டிசம்பரில் தானே புயலில் விழுந்த மரம், அறுத்துப் பரணில் போட்டது. பலகை ஒன்று போனால் அதை மட்டும் மாற்றலாம். மஞ்சளாக, வாசனையாக, மீன் வண்டிக்குக் கொஞ்சம் அதிகமான அழகோடு இருக்கிறது. இனிமேல் மீன் ஏற்றப் போவதில்லை. நர்சரிச் செடியும் தேங்காயும்தான்.

டயர் 6.00-16. டிராக்டரின் முன் டயரும் இதே அளவு என்பதால் கடைக்காரர் அதையே எடுத்து நீட்டினார். சாலையில் ஓடும் வண்டிக்கு வேண்டவே வேண்டாம்.

பொலேரோ வாங்கியிருந்தால்?

என் பழைய கட்சியை முழுசாகக் கைவிடவில்லை. தினமும் புதுச்சேரிக்கு இரண்டு நடை சரக்கு அடிக்கிறவர், தவணை கட்டுகிறவர், வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய சோறு போகிறவர் எல்லாம் செகண்ட் ஹேண்ட் பொலேரோ பிக்கப் எடுப்பதே சரி. டிஸ்க், பவர் ஸ்டீயரிங், ஐந்து கியர் எல்லாம் கம்பெனியிலிருந்தே வரும், ஆர்சியில் கேள்வி இல்லை. வாங்கும்போது 2024 வெள்ளத்தில் எங்கே நின்றது என்று விசாரியுங்கள், சுத்தியலை எடுத்துப்போக மறக்காதீர்கள். கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் காமன் ரெயில் டீசல் எஞ்சின் என்றால் சென்சார் வயரில் தண்ணீர் புகுந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதைச் சாலையோர மெக்கானிக் கையால் தடவிக் கண்டுபிடிக்க முடியாது.

வாரத்தில் இரண்டு நாள் ஓட்டுகிறவருக்கு, சேஸ் டங் என்று சொன்னால், பழையதே போதும்.

பவர் ஸ்டீயரிங் மட்டும் இன்னும் போடவில்லை. பீஜோவில் பம்ப் மாட்ட இடம் இல்லை, லேத்தில் கொடுத்து பிராக்கெட் செய்ய வேண்டும். போன வாரம் கன்னியக்கோயிலில் வண்டியைத் திருப்பும்போது என் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பா, "மீனோட திருப்பியிருக்கேன்டா இதை" என்றார்.